பவழமல்லியை வெட்டச் சொன்ன கட்டுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள் ஆறப்போட்டுத்தான் இதை எழுதுகிறேன். சென்ற இதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில், பவழமல்லியும் மனோரஞ்சிதமும் வாசனையால் பாம்பை இழுக்கும், குப்பையும் அதிகம், சின்ன மனைக்காரர்கள் வைக்க வேண்டாம் என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த வரியைக் காட்டித்தான் எங்கள் அடுத்த வீட்டில் பவழமல்லியை அடியோடு வெட்டினார்கள். மதில் தாண்டி எங்கள் கொல்லையிலும் விடியற்காலையில் அதன் பூ கொட்டிக் கிடக்கும். தரையில் விழுந்ததைப் பொறுக்கிச் சாமிக்குப் போடலாம் என்று பெரியவர்கள் விலக்குக் கொடுத்த பூ அது. அதைக் குப்பை என்று எழுத எப்படி மனம் வந்தது?

பாம்பு எதற்கு வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அது நாக்கை நீட்டி மோப்பம் பிடிப்பது எலியையும் தவளையையும் தேடித்தான். பூவை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? இரவில் மலரும் வெள்ளைப் பூவுக்கு அந்துப்பூச்சி வரும், பூச்சிக்குத் தவளையும் பல்லியும் வரும். அடியில் சருகும் செங்கல்லும் மண்டிக் கிடந்தால் பாம்புக்கு ஒதுங்க இடமும் கிடைத்துவிடும். அடியைக் கூட்டி, தாழ்ந்த கிளையைக் கழித்து வைத்தால் போதும். என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் கிணற்றடியில் மனோரஞ்சிதம் இருக்கிறது. அதன் பூ இலையோடு இலையாகப் பச்சையாக ஒளிந்திருந்து, மஞ்சளாகும்போதுதான் பழுத்த பழம்போல மணக்கும். அந்தச் செடியடியில் இதுவரை நாங்கள் ஒரு பாம்பையும் பார்த்ததில்லை.

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பு ஒரு முறை அடுக்கு நந்தியாவட்டைப் படத்தைப் போட்டு மல்லிகை என்று அச்சிட்டீர்கள். இன்னொரு முறை மல்லிகையைச் சித்திரையில் கவாத்து செய்யச் சொன்னீர்கள். கார்த்திகை, மார்கழியில் தரையிலிருந்து 45, 50 செ.மீ. விட்டு வெட்டினால்தான் பங்குனியில் மொட்டு வரும். சித்திரையில், பூத்துக் குலுங்கும் நேரத்தில் கத்தரி வைத்தால் அந்தப் பருவமே போயிற்று. இரண்டுக்கும் அஞ்சலட்டை எழுதினேன். பதில் இல்லை, திருத்தமும் இல்லை.

நீங்கள் சிபாரிசு செய்வதெல்லாம் காகிதப்பூ, அடீனியம், குரோட்டன்ஸ். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் ஒன்றுக்கும் வாசனை கிடையாது. நர்சரிக்காரர்களும் அப்படியே ஆகிவிட்டார்கள். பன்னீர் ரோஜா கேட்டேன். அதுதான் என்று சொல்லி ஒட்டு ரோஜாவைத் தலையில் கட்டினார்கள். பூ பெரிதாக, வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது, மணம் மட்டும் இல்லை. மரிக்கொழுந்து நாற்று கேட்டால் விழிக்கிறார்கள். எங்கள் தெருமுனை மகிழமரத்தைச் சாக்கடை வேலைக்காக வெட்டியபோதும் கேட்பாரில்லை. திருவொற்றியூரில் தலவிருட்சமாக வைத்துக் கும்பிடுகிற மரம். உதிர்ந்து காய்ந்த பிறகும் மணம் போகாத பூ. 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோருமே பெருமைப்பட்டோம். மல்லியின் பெருமை அதன் மணத்தில்தானே இருக்கிறது? மற்ற பூக்களுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பாம்பு பற்றிய அந்த வரிக்கு, அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், அரைப் பக்கம் ஒதுக்கிப் பதியன் போடும் முறையை எழுதுங்கள்: மல்லிகையின் தாழ்ந்த கொடியை வளைத்து, கணுவில் லேசாகச் சீவி மண்ணில் புதைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடித்துவிடும். மழைக்காலத்துக்கு முன்பே வந்தால் வாசகர்களுக்கு உதவும். எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதி அனுப்புகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மன்னார்குடி.