மேசையிலிருந்து இறக்கும் முன்

மதிப்பிற்குரிய கதிரியக்கப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். என் தம்பியின் மூளை எம்ஆர்ஐ பற்றி ஏற்கெனவே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோப்பு உங்களிடமே இருப்பதால் பழைய கதை வேண்டாம்.

"வளையம்போல் விளிம்பு ஒளிரும் கட்டி. புற்றாகவோ சீழாகவோ இருக்கலாம். நோய்க்குறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்." உங்கள் அறிக்கையின் சாரம் இவ்வளவுதான். அந்த இரண்டு 'ஓ'க்களுக்கு நடுவில் ஒன்பது நாள் கிடந்தோம். தம்பி ஒரு நோட்டை எடுத்து, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதினான். அப்புறம் தனக்கு வரவேண்டிய பாக்கிகளையும் எழுதி, பக்கத்திலேயே 'விட்டுவிடலாம்' என்று குறித்தான். இரவில் அவன் மனைவி அந்த நோட்டை ஒளித்து வைப்பாள். காலையில் தேடி எடுத்துவிடுவான்.

பத்தாம் நாள் வேறோர் இடத்தில், நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ படம் எடுத்தார்கள். ஓரிரு நிமிட வேலை. கட்டியின் நடுப்பகுதி அதில் வெள்ளை, அந்த அசைவை அளந்து காட்டும் ஏடிசி படத்தில் கறுப்பு. கெட்டியான சீழுக்குள் நீர் மூலக்கூறுகள் நகர முடியாததால் அப்படித் தெரியுமாம். புற்றின் அழுகிய நடுப்பகுதி பெரும்பாலும் அப்படி இருக்காதாம். ஊசியால் உறிஞ்சியபோது சீழ்தான் வந்தது. இப்போது தேறிவருகிறான். 'விட்டுவிடலாம்' என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு ஆட்களுக்குப் போன் போடுகிறான். ஆனால் அந்தச் சீழ் ஒன்பது நாளில் மூளையின் நீரறைக்குள் உடைந்திருந்தால்? என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேட்பது ஒன்றுதான். இப்படிக் கட்டி தெரிந்தால், நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே டிஃப்யூஷன் எடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷனும், புற்றில் நடப்பதுபோல் கோலின் என்ற வேதிப்பொருள் கூடி என்ஏஏ என்ற வேதிப்பொருள் குறைந்திருக்கிறதா என்று காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோபியும் எடுங்கள். எந்தப் படமும் முழுத் தீர்ப்பு சொல்லாது, பல நேரம் பயாப்ஸிதான் கடைசிச் சொல் என்பீர்கள். சரி. அதற்காகப் பார்க்க முடிந்ததையும் பார்க்காமல் விடுவதா? வரவேற்பறைச் சுவரில் உங்கள் எம்ஆர்ஐ கருவியின் படம் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது, கீழே 'அதிநவீனம்' என்று வேறு. எங்களைப் படம் எடுக்க வாங்கினீர்களா, அதைப் படம் எடுத்து மாட்ட வாங்கினீர்களா? நோய்க்குறிகளோடு ஒப்பிட வேண்டுமாம்! அவற்றை வைத்துச் சொல்ல முடியாமல்தானே உங்களிடம் அனுப்பினார்கள்.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. பணிவாகவே கேட்கிறேன். நோயாளியை மேசையிலிருந்து இறக்கும் முன் டிஃப்யூஷன் எடுத்தாக வேண்டும் என்று உங்கள் பிரிவுக்கு எழுத்தில் ஓர் உத்தரவு போடுங்கள். அது போட்டுவிட்டால் எனக்குப் பதில்கூட எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
நோயாளியின் அக்கா