எழுப்புவது ஆளையா, சுவரையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மொழிப் பகுதியில் எழுப்புவதைக் குறிக்கும் 'அவேக்கன்' என்ற ஆங்கில வினைக்கு இந்தோனேசியச் சொல் 'மெம்பஙுன்' என்று போட்டிருந்தீர்கள். அது கொத்தனார் வேலை ஐயா. மெம்பஙுன் என்றால் வீடு கட்டுவது. தூங்குகிறவரை எழுப்புவது 'மெம்பஙுன்கன்'. கடைசியில் ஒட்டும் அந்தக் 'கன்' விட்டுப்போனதால் வந்த வினை.

நான் அகராதி எழுதுகிறவன் இல்லை. யாங்கோனிலிருந்து கப்பலுக்குப் போய் 18 வருஷம் எஞ்சின் அறையில் ஆயில்மேனாக இருந்தவன். எனக்கு முந்தைய வாட்ச், அதாவது காவல்முறை வேலை, பார்த்தவர் ஜாவாத் தீவின் சுரபாயாக்காரர். மூத்தவர் என்பதால் 'மாஸ்' என்பேன், ஜாவாக்காரர்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். விடிகாலை நாலு மணி வாட்ச்சுக்கு மூன்றரைக்கே கதவைத் தட்டி 'பஙுன், பஙுன்' என்பார். எழுந்திரு என்று அர்த்தம். தயவுசெய்து 'பங்குன்' என்று அச்சடிக்காதீர்கள், நடுவில் ககரமே கிடையாது. அரிச்சுவடியோடு நாம் மறந்துவிட்ட 'ங' இதற்காவது உதவட்டும்.

ஒருநாள் ராத்திரி எஞ்சின் திடீரென்று நின்றுபோனது. எங்களுக்கு அந்த இரைச்சல்தான் தாலாட்டு, நின்றால் முழிப்பு வந்துவிடும். யாரும் தட்டாமலே எல்லாரும் பனியனோடு வெளியே வந்து நின்றோம். இதற்குப் பெயர் 'தெர்பஙுன்' என்றார் மாஸ். தன்னையறியாமல் விழித்துக்கொள்வது. 'தெர்ஜாகா' என்றும் சொல்லலாம். அதில் உள்ள 'ஜாகா' காவலைக் குறிக்கும், கப்பலில் வாட்ச் பார்ப்பதும் ஜாகாதான். நம்முடைய ஜாக்கிரதையும் அதுவும் ஒரே சமஸ்கிருத வேர்.

ஆனால் ஆங்கிலத்தில் அவேக்கன் ஆளைவிட ஆசையையும் ஆர்வத்தையும்தான் அதிகம் எழுப்புகிறது. அதற்கு இந்தோனேசியாவில் 'மெம்பங்கித்கன்'. 1908 மே 20 அன்று புடி உத்தோமோ சங்கம் தொடங்கியதை நினைத்து, ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியைத் தேசிய எழுச்சி நாளாக வைத்திருக்கிறார்கள். அந்த எழுச்சிக்குச் சொல் 'கெபங்கித்தான்'. ஏசு உயிர்த்தெழுந்ததற்கும் இதே சொல்தான். அந்த இடத்தில் 'பஙுனன்' என்று போட்டால் கட்டடம் ஆகிவிடும்.

உங்கள் கட்டுரையாளரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையை எழுப்புகிறோம், சுவரும் எழுப்புகிறோம். தமிழில் நினைக்கிறவருக்கு இந்தத் தடுமாற்றம் வரத்தான் செய்யும். ஆளுக்கும் கட்டடத்துக்கும் ஒரே வேர் என்பதில் ஜாவாக்காரரும் நாமும் பங்காளிகள். திருத்தம் மட்டும் போட்டுவிடுங்கள்.

இன்னும் எழுதலாம், அதற்குள் கரண்ட் போய்விட்டது. மருமகள் 'ஹ்நோ, ஹ்நோ' என்கிறாள். பர்மியச் சொல், ஆளை எழுப்பவும் அதுதான், ஜெனரேட்டரை ஓடவிடவும் அதுதான். எங்கள் வீட்டு ஜெனரேட்டர் கயிற்றை நாலு தடவை இழுக்காமல் முழிக்காது. வருகிறேன்.

ஓய்வுபெற்ற ஆயில்மேன்,
யாங்கோன்