படத்தின் மேல் எழுதாதே

பினாங்கு
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய லண்டன் டவர் பிரிட்ஜ் பட அஞ்சலட்டை வியாழக்கிழமை கைக்கு வந்தது. மூலை மடங்கவில்லை, மழையில் நனையவில்லை, தபால்தலையை நேராக ஒட்டியிருக்கிறாய். நான் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை. அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கி, டவர் பிரிட்ஜைக் கொண்டுபோய் நம் வீட்டு பிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். ஆல்பத்தில் இருக்கவேண்டிய சரக்கு மீன் வாடையில் தொங்குகிறது. சொன்னால் கேட்கிறாளா? "என் மகள் அனுப்பினது, நான் பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்கிறாள். அவள் பார்ப்பது படப்பக்கம் மட்டும்தான். அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

மறுபக்கத்தில் வலது பாதியில் என் விலாசம். இடது பாதியில் 'அன்புடன்'. அவ்வளவுதான். குறை சொல்லவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். என் முட்டி அப்படியேதான். சின்ன அத்தை வீட்டுக் கல்யாணம் முடிந்தது. நீ வராததைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு அம்மா பதில் சொல்லிக்கொண்டாள். மேல் அறையில் ஒழுகிக்கொண்டிருந்ததைச் சரி செய்தாயிற்று. அங்கே என் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தேன் அல்லவா, எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டேன். அறை காலியாக இருக்கிறது. சும்மா சொல்கிறேன்.

நீ 2009-இல் லீவுக்கு வந்தபோது போட்டுக் கொடுத்த போஸ்ட்கிராசிங் கணக்கு, அதுதான் முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களோடு அட்டை அனுப்பி வாங்குவது, இன்னும் ஓடுகிறது. 2005-இல் ஒரு போர்ச்சுகல் மாணவன் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை பார். அதன் கணக்கு வழக்கு அம்மாவுக்குத்தான் இன்றுவரை பிடிபடவில்லை. நான் பின்லாந்துக்குப் போட்டால் ஜெர்மனியிலிருந்து வருகிறது, ஜெர்மனிக்குப் போட்டால் தைவானிலிருந்து வருகிறது. "வாங்கினவ திருப்பிச் செய்யாத மொய் என்ன மொய்?" என்கிறாள். போன வாரம் பின்லாந்திலிருந்தே ஒன்று வந்தது. பனியில் ஒரு மரவீடு. பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. தன் பூனைக்கு வயது பதினேழு, ஒரு கண் தெரியவில்லை, ஆனாலும் படுக்கைக்கு வழி கண்டுபிடித்து வந்துவிடுகிறது என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன். அந்தப் பூனையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு உன்னைப் பற்றித் தெரியவில்லை. விளையாட்டுக்குச் சொன்னேன்.

நம் ஊர் அட்டைகளில் இப்போது வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் கேட்பது ஆர்மீனியன் தெருச் சுவரில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளைத்தான். 2012-இல் வரைந்தது. அக்காவும் தம்பியுமாக உண்மையான இரண்டு பிள்ளைகளைப் பார்த்து வரைந்ததாம். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். போன மாதம் ஒரு செக் நாட்டுக்காரர் மட்டும், 'படத்துக்குப் பின்னால் கதை உள்ள அட்டையாக அனுப்புங்கள்' என்று கேட்டிருந்தார். கதைக்கா பஞ்சம்? மணிக்கூண்டை எடுத்தேன். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 60 வருடம் ஆனதற்காக 1897-இல் சியா சென் இயோக் என்ற செல்வந்தர் தன் செலவில் கட்டித்தர முன்வந்தது. வருடத்துக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். 1902-இல் கட்டி முடித்தபோது ராணி செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்புறம் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பக்கத்தில் விழுந்த குண்டுகளில் அடித்தளம் ஆட்டம் கண்டு, அன்றிலிருந்து கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது.

இதையெல்லாம் எட்டு வரியில் அடக்கினேன். மிச்சம் இருந்த இடத்தில் நீ சொன்னதையும் எழுதினேன். உனக்கு ஆறு வயதிருக்கும். மோட்டாரில் என் முன்னால் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மணிக்கூண்டுக்கும் தூக்கம் வருதாப்பா?" என்றாய். செக்காரருக்கு அதுதான் ரொம்பப் பிடித்ததாம். அட்டை கிடைத்தது என்று பதிந்தபோது சொல்லியிருந்தார்.

அதே மணிக்கூண்டு நிமிர்ந்து நிற்கும் பழைய அட்டை, சண்டைக்கு முந்தியது, என்னிடம் ஒன்று இருக்கிறதே. ஈப்போவில் வாங்கியது. அதையும் ஒருவர் கேட்டார். கொடுக்கவில்லை. அதேபோல இன்னொன்றையும் கொடுக்கவில்லை. அந்தத் தமிழ்ப் பெண் அட்டை. மூக்குத்தி, தண்டட்டி, நேராக நம்மைப் பார்க்கும் கண். அடியில் ஆங்கிலத்தில் 'தமிழ்ப் பெண், பினாங்கு' என்று மட்டும் இருக்கும். அச்சடித்தவன் பெயர் இருக்கிறது, அவள் பெயர் இல்லை. யார் பெற்ற பிள்ளையோ. நூறு வெள்ளி தருகிறேன் என்றார் அந்த ஆள். எனக்கு மனசு வரவில்லை.

சரி, சொல்ல வந்தது வேறு. நீ சின்ன வயதில் மேக்சிமம் கார்டு செய்வாயே, ஞாபகம் இருக்கிறதா? படம், படத்தின் மேல் ஒட்டும் தலை, தலையின் மேல் விழும் முத்திரை, மூன்றும் ஒரே கதையைச் சொல்லவேண்டும். படத்தில் பினாங்கு என்றால் முத்திரையும் பினாங்கில் விழவேண்டும், கோலாலம்பூரில் விழுந்தால் சேராது. டவுனிங் தெருப் பெரிய போஸ்டாபீஸில் எக்கி நின்று, கவுண்டர் அக்காவிடம் "காக், சாப் பெலான் பெலான்" என்று மலாயில் கெஞ்சுவாய், அக்கா, மெதுவாக முத்திரை குத்துங்கள் என்று. அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குத்திக் கொடுப்பார். உன்னைப் போல முத்திரையைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை அந்த வயதில் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. நான் சொல்லவில்லை, சங்கத்துப் பெரியவர்களே சொல்வார்கள்.

டவர் பிரிட்ஜ் அட்டையில் கிளாஸ்கோ முத்திரை. அதற்கு முந்தைய மாதம் செயின்ட் பால் தேவாலயம், கிளாஸ்கோ முத்திரை. அதற்கும் முந்தியது லண்டன் சிவப்பு பஸ், அதுவும் கிளாஸ்கோ. ஒரு மாதம் என்றால் வேலை விஷயமாகப் போயிருப்பாய். லண்டனில் வாங்கி வைத்திருந்த அட்டைகளைக் கையோடு எடுத்துப் போய், மாதம் ஒன்றாக அங்கிருந்து போடுகிறாள் என்று அட்டை சேர்க்கிறவன் எவனுக்கும் தோன்றும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது என்று மட்டும் சொல்லவந்தேன்.

அந்தப் பக்கம் குளிர் லண்டனைவிட அதிகம் என்கிறார்கள். காதை மூடிக்கொள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சொல்ல வசதிப்படாவிட்டால் விட்டுவிடு.

இந்தக் கடிதத்தை லண்டன் விலாசத்துக்கே போடுகிறேன். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். வீடு மாறுகிறவர்கள் பணம் கட்டினால், பழைய விலாசத்துக்கு வரும் தபாலைப் புது விலாசத்துக்குத் திருப்பிவிடுகிற ஏற்பாடு அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ கெட்டிக்காரி. அப்படி ஒரு தேவை வந்திருந்தால் செய்திருப்பாய். நான் போட்ட எதுவும் இதுவரை திரும்பி வரவில்லை. விலாசம் எழுதும்போது போஸ்ட்கோட் முக்கியம், பெரிய எழுத்தில் எழுது. பணம் ஏதாவது வேண்டுமென்றாலும் அதே அட்டையில் எழுதலாம். கூச்சப்படாதே. நம் குடும்பத்தில் கடல் தாண்டிப் போய்ப் படித்த முதல் ஆள் நீ. மேல் அறைக்குக் காற்றாடிகூடப் புதிதாக மாட்டியிருக்கிறேன். அம்மாவிடம் முத்திரை விஷயத்தைச் சொல்லவில்லை.

போன வாரம் இன்னொரு அட்டையும் வந்தது, இது விலை கொடுத்து வாங்கியது. பினாங்கு நீர்வீழ்ச்சி, ரொம்பப் பழசு. அந்தக் காலத்தில் இவற்றைப் பெரும்பாலும் ஜெர்மனியில் அச்சடித்து நிறம் ஏற்றுவார்கள். பினாங்கைக் கண்ணால் பார்க்காதவன் ஏற்றிய நிறம், பாறையெல்லாம் கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது. ஆனால் நான் காசு கொடுத்தது நிறத்துக்காக இல்லை. அப்போது அட்டையின் பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கு மட்டும்தான். நடுவில் கோடு போட்டு, இந்தப் பாதி சேதிக்கு, அந்தப் பாதி விலாசத்துக்கு என்று பிரிட்டன்தான் 1902-இல் முதலில் விட்டது, மற்ற நாடுகள் பிறகுதான். அதற்கு முன்னால் சொல்ல விஷயம் இருந்தவன் படத்தின் மேல்தான் எழுதினான். இவனும் எழுதியிருக்கிறான். வானத்தில் நாலு வரி, தண்ணீரில் மூன்று வரி. வேர்க்குரு தாங்க முடியவில்லை, மாம்பழம் நன்றாக இருக்கிறது, உன் கடிதம் ஏன் வரவில்லை என்று தன் அக்காவுக்கு எழுதியிருக்கிறான். பூதக்கண்ணாடி வைத்து ஒரு மணி நேரம் படித்தேன். இந்த மாதிரி எழுதிய அட்டைக்குத்தான் கூடுதலாகக் கொடுத்தேன்.

படித்துக்கொண்டிருக்கும்போது உன் தைப்பிங் அட்டை ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பது பொய். அது மறப்பதே இல்லை. நீல பிஸ்கட் டின்னில், தனியாக, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன்.

ஏரிப் பூங்கா படம். மழைமரங்கள் சாலையைத் தாண்டிக் கிளையை நீட்டித் தண்ணீரைத் தொடுமே, அந்தப் படம். நீ ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரம், பதினாறு வயது. இடது பாதி நிறைந்து, விலாசத்தின் ஓரமெல்லாம் ஏறி, அதுவும் போதாமல் திருப்பி ஏரித் தண்ணீரின் மேலும் எழுதியிருந்தாய். தினமும் மழை. துணி காயவில்லை. பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் பேசுவதில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவீங்களாப்பா?

நான் போட்ட பதில் உனக்கு மறந்திருக்காது. படத்தின் மேல் எழுதாதே. பால்பாயிண்டை அழுத்தினால் மறுபக்கம் தடம் விழும். எழுதிக் கெடுத்த அட்டையை யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். படிப்பில் கவனம் வை. நாலே வரி.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்த ஞாயிறு எனக்கு ஓவர்டைம் என்று அம்மா உனக்குப் போனில் சொன்னாள். ஓவர்டைம் இல்லை. அவளிடம் நான் அப்படிச் சொல்லியிருந்தேன். ஈப்போவில் ஒருவர் தன் சேகரிப்பை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, விடிகாலையில் ஃபெரியில் கடந்து, பட்டர்வொர்த்தில் பஸ் ஏறினேன். பஸ் தைப்பிங்கைத் தாண்டித்தான் போனது. பச்சைப் பலகையைப் பார்த்தேன். திரும்பும்போது இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திரும்பும்போது அந்த மணிக்கூண்டு அட்டை மடியில் இருந்தது. வெளியே நல்ல மழை. இறங்கினால் அட்டை நனைந்துவிடும் என்று நான் இறங்கவில்லை, பாப்பா.

அதற்கப்புறம் நீ அனுப்பியதெல்லாம் சுத்தமான அட்டைகள். நாலு ஆல்பம் நிறைந்துவிட்டது. ஒன்றிலும் ஒரு வரி கூடுதலாக இல்லை. சங்கத்து நண்பர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, "மகளை நல்லாப் பழக்கியிருக்கீங்க" என்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு கோப்பி குடிப்பேன்.

இந்த உறைக்குள் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். இப்போது ஓடாத பழைய மாடி ஃபெரி. என் விலாசத்தை நானே ஓரமாகச் சின்ன எழுத்தில் எழுதிவிட்டேன், மிச்ச இடமெல்லாம் உன்னுடையது. நம் ஊர்த் தலை அங்கே செல்லாது, அதனால் ஒட்டவில்லை, அதை மட்டும் நீ பார்த்துக்கொள். இடம் போதாவிட்டால் படத்தின் மேல் எழுது. படத்தில் கடல் நிறைய இருக்கிறது. அழுத்தியே எழுது.

பாஸ்போர்ட் போன வாரம் புதுப்பித்துக்கொண்டேன். அம்மாவுடையதையும் சேர்த்துத்தான். அவள் ஏன் என்று கேட்டாள், காலாவதி ஆகிவிட்டது என்றேன்.

போஸ்ட்கோட் மறக்காதே. பெரிய எழுத்தில்.

அப்பா