செய்தி வாசித்தவர்களின் வரலாற்றை எழுதி வையுங்கள்

இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் தலைவருக்கும் பணிப்பாளர் சபையினருக்கும்,

வணக்கம். உங்கள் தமிழ்ச் செய்திப் பிரிவின் வரலாற்றை, அதில் முகம் காட்டியவர்கள், காட்டாதவர்கள் எல்லோருடைய பெயர்களோடும் எழுதுவிக்க வேண்டும். எஞ்சியிருக்கும் செய்தி நாடாக்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட வேண்டும். இதைக் கேட்கவே மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன்.

ஜப்பானின் நன்கொடையில் எழுந்த உங்கள் அரச தொலைக்காட்சி நிலையம் 1982 பெப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. பீதுருதாலகால மலையுச்சியிலிருந்து வரும் அலையைப் பிடிக்க, அன்டெனாவை நீண்ட குழாயில் கட்டி மலைநாட்டுப் பக்கம் திருப்பி வைப்போம். கச்சான் காற்று ஒருமுறை வீசினால் போதும், திரையில் புள்ளிகள்தான். ஒருவர் கூரையேறிக் குழாயைத் திருக, சாளரத்தடியில் நிற்பவர் "இன்னும் கொஞ்சம், போதும், ஐயோ போய்விட்டது" என்று குரல் கொடுப்பார். வாவிக்கு மேற்கே, மின்சாரம் எட்டாத படுவான்கரையில் கார் பற்றரியில் ஓடிய பெட்டியின் முன்னால் அயலே திரண்டிருக்கும்.

செய்தி தொடங்கினால் பேச்சு நின்றுவிடும். வாசிப்பவர் தாளில் ஒரு கண் வைத்து நிமிர்வார். நிமிரும்போது வாக்கியம் தடையின்றி வந்து விழும். லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியே கேட்கும். வாய்க்குள் அடங்காத வெளிநாட்டுத் தலைவர்களின் பெயர்களைக்கூட விழுங்கமாட்டார்கள். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கிய என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை. கமலா தம்பிராஜா போன்றவர்கள் வானொலியில் தேறிய தமிழோடு திரைக்கு வந்தவர்கள். அந்தத் தேர்ச்சி எப்படி வந்தது, யார் பழக்கினார்கள், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த செய்தியை நேரத்துக்குள் தமிழாக்கிய மேசையில் யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டாமா?

போர்க்காலத்தில் அரச தொலைக்காட்சி சொன்னதையெல்லாம் நாங்கள் அப்படியே நம்பிவிடவில்லை. பிபிசி தமிழோசை வானொலியையும் கேட்டு ஒப்பிட்டுத்தான் நம்பினோம். ஆனால் அந்த நாடாக்கள் வேண்டும் என்பதற்கு அதுவே முதற் காரணம். எங்களுக்கு என்ன சொல்லப்பட்டது, எது விடப்பட்டது என்பதை நாளை ஆராய்பவருக்கு வேறு சான்று எங்கே இருக்கிறது?

அந்தத் திரையில் தோன்றியவர்கள் பாதுகாப்பாக வாழ்ந்துவிடவும் இல்லை. உங்கள் நிகழ்ச்சிகளில் அறிவிப்பாளராக இருந்த ரேலங்கி செல்வராஜா 2005 ஆகஸ்ட் 12 அன்று கொழும்பில் கணவருடன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு மே 31 அன்று, இங்கே மட்டக்களப்பு நகரில், வீரகேசரிச் செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் வேலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். பத்திரிகையாளராவது தன் பெயரைச் செய்தியின் மேல் பார்ப்பார். தொலைக்காட்சிக்குப் படம் பிடித்து அனுப்பிய பிரதேசச் செய்தியாளருக்கு அதுவும் பல வேளை கிடைப்பதில்லை. வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் கமெராவைத் தலைக்குமேல் தூக்கி நடந்தவருக்கும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் கிராமங்களைப் பதிவு செய்தவருக்கும் அந்த வரலாற்றில் இடம் கொடுங்கள்.

இது ஆறப்போடக்கூடிய வேலை அல்ல. காந்த நாடா ஈரப்பதத்தை உறிஞ்சினால் அதன் பூச்சு பிசுபிசுத்துக் கழன்றுவிடும். அதை ஓட்டும் கருவிகளும் இப்போது உற்பத்தியாவதில்லை. தொடக்க காலத்தில் பணியாற்றியவர்களுக்கோ வயதாகிவிட்டது; அவர்களில் பலர் புலம்பெயர்ந்து உலகெங்கும் இருக்கிறார்கள்.

எனவே முதலில் அவர்களைத் தேடிப் பேச வையுங்கள், குரலைப் பதிவு செய்யுங்கள். அடுத்து, எந்த ஆண்டின் தமிழ்ச் செய்தி நாடாக்கள் மிஞ்சியுள்ளன என்ற பட்டியலை வெளியிடுங்கள். அவற்றை எண்ணிமப்படுத்தி (டிஜிட்டல் வடிவுக்கு மாற்றி), ஒரு பிரதியைக் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கும் தாருங்கள். ஒரு பழைய செய்தியைப் பார்ப்பதற்காக எங்கள் மாணவர்கள் கொழும்புக்கு இரவு ரயில் ஏற வேண்டியதில்லை. பெயர்களையும் ஆண்டுகளையும் சரிபார்க்க இங்குள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம், ஊதியம் வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்
மட்டக்களப்பு