ஆங்கிலம் படிக்கிற மாணவர்களுக்குக் கொழும்பில் நிகழ்வு நடத்துகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளுக்காக, இலக்கியச் சந்திப்பையும் வேலைவாய்ப்பு வழிகாட்டலையும் சேர்த்து நீங்கள் நடத்துகிற ஒருநாள் நிகழ்வுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன மாதம் நடந்ததற்கு யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் வந்திருந்தோம், மூன்று பேரும் இறுதி வருடம். அன்றைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும், வருத்தம் தெரிவித்து மின்னஞ்சலும் போட்டிருந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அதில் "நேர ஒழுங்கில் ஏற்பட்ட சிறு தடங்கல்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை 9 மணி நிகழ்வுக்கு எங்களுக்கு அறிவித்தல் கிடைத்தது புதன்கிழமை பின்னேரம். கொழும்பில் இருக்கிறவருக்கு அது போதும். இங்கிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். வீட்டில் கேட்டு, அப்பாவைச் சம்மதிக்க வைத்து, பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் சீற் பிடித்து, வெள்ளிக்கிழமை இரவு வெளிக்கிட்டால் விடிய நாலரைக்கு வெள்ளவத்தையில் இறக்கிவிடுவார்கள். இருட்டு. தங்க இடமில்லை, அந்த நேரத்தில் கதவைத் தட்டக்கூடிய சொந்தக்காரரும் இல்லை. ஒரு சைவக்கடை திறக்கும்வரை காலி வீதியில் பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றோம். பிறகு அந்தக் கடையின் கழிப்பறையில்தான் ஒவ்வொருவராகச் சேலை மாற்றினோம். நிலம் முழுக்க ஈரம். ஒருத்தி கொய்யகத்தைக் குத்த, மற்றவள் முந்தானையை நிலத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படித் தூக்கிப் பிடித்தபடியே என் சிநேகிதி தன் கவிதையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கவிதை அவளுடைய அம்மம்மாவின் கிணற்றைப் பற்றியது. வலிகாமம் வடக்கில் பல வருடம் போக முடியாமல் கிடந்த காணி. திரும்பிப் போனபோது வீடு இல்லை, கிணறு மட்டும் இருந்தது. ஆங்கிலக் கவிதைதான், ஆனால் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற துலா என்ற சொல்லை அப்படியே விடுவதா, ஆங்கிலத்தில் ஏதாவது போட்டு ஒப்பேற்றுவதா என்று இரண்டு கிழமை மண்டையை உடைத்து, கடைசியில் துலாவாகவே விட்டாள். நிகழ்ச்சி நிரலில் அவளுக்குப் பதினொன்றரைக்கு ஐந்து நிமிடம் இருந்தது. தொடக்க உரைகள் நீண்டன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றீர்கள், பிறகு தேநீருக்குப் பிறகு என்றீர்கள், கடைசியில் ஆறரைக்கு என்றீர்கள். எங்கள் பஸ் ஏழரைக்கு. ஆறு மணிக்கு அவள் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு எழும்பினாள். வாசலில் நின்ற உங்கள் ஆள் ஒருவர் நல்ல மனதோடுதான் "அடுத்த முறை கட்டாயம்" என்றார். எங்களுக்கு எது அடுத்த முறை? இறுதி வருடம் என்று பதிவுப் படிவத்திலேயே எழுதியிருந்தோமே.

ஆகவே கேட்கிறேன்: வருடத்தில் ஒரு நிகழ்வையாவது யாழ்ப்பாணத்தில் நடத்துங்கள்.

இந்த நிகழ்வுகள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, எங்களுக்குத்தான் அவை இன்னும் கூடுதலாகத் தேவை. அன்றைக்கு ஒரு மேசையில் இருந்த அக்கா பத்தே நிமிடம் கதைத்தார். மென்பொருள் நிறுவனங்களில் பாவனைக் கையேடு எழுத ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களை எடுக்கிறார்கள், அதற்கு எப்படி மாதிரி எழுதிக் காட்ட வேண்டும், பதிப்பகத்தில் செம்மைப்படுத்துவது என்றால் என்ன வேலை என்றெல்லாம் சொன்னார். நாலு வருடத்தில் இதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. இங்கே "இங்கிலிஷ் படிக்கிறாய், உனக்கென்ன வேலைக்குக் குறைவா" என்று கேட்காத ஆளில்லை, ஆனால் ஆசிரியர் நியமனம் வரும்வரை காத்திரு என்பதற்கு மேல் வேறு வழி சொல்லவும் ஆளில்லை. அந்தப் பத்து நிமிடம் என் வகுப்பில் மிச்சம் இருக்கிற எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டும். பஸ் காசும் வீட்டுச் சம்மதமும் கிடைத்த மூன்று பேருக்குத்தான் கிடைத்தது.

சூம் லிங்க் தந்தோமே என்பீர்கள். வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு மண்டபத்தின் இரைச்சல்தான் கேட்டது, எழுதி அனுப்பிய கேள்வி ஒன்றையும் யாரும் வாசிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேடைகளில் யாழ்ப்பாணம் வராத நாளில்லை. எரிந்த நூலகம், போர், இடப்பெயர்வு என்று எங்கள் ஊரைப் பற்றி நிறையவே கதைக்கிறீர்கள். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியின் கதையைச் சொன்ன ஆங்கில நாவலுக்கு 2024இல் லண்டனில் பெண்களுக்கான புனைகதைப் பரிசு கிடைத்தபோது நாங்களும் துள்ளிக் குதித்தோம். ஆனால் அந்த ஊரில் இருந்து ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளைக்கு ஐந்து நிமிடம் இல்லையென்றால் அந்தக் கதையெல்லாம் யாருக்கு? வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் ஆங்கிலத்தில் உயர்கல்வி தந்த செமினரி தொடங்கிய மண் இது, 1841இலிருந்தே தமிழும் ஆங்கிலமுமாய் உதயதாரகை பத்திரிகை அச்சான ஊர். ஆங்கிலம் எங்களுக்கு நேற்று வந்ததில்லை. போரில் பாதை பூட்டியிருந்த காலத்தில் நீங்கள் வரவில்லை என்றால் விளங்கும். ரயிலே 2014இல் யாழ்ப்பாணம் வந்துவிட்டது.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது இதுதான்: வருடத்தில் ஒரு தடவை இங்கே வாருங்கள். மண்டபத்துக்குக் குறையில்லை, பொது நூலகத்துக்குப் பக்கத்திலேயே 600 பேர் இருக்கக்கூடிய அரங்கோடு பண்பாட்டு நிலையம் நிற்கிறது. கதிரை அடுக்கவும், பதிவு மேசையில் இருக்கவும், சாப்பாடு பார்க்கவும் நாங்கள் இருக்கிறோம். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் விடியற்காலையில் வீதியில் நிற்க வேண்டி வராது, எங்கள் வீடுகளில் தங்கலாம். கொழும்பில்தான் நடத்துவீர்கள் என்றால், மூன்று கிழமைக்கு முன்னாவது அறிவியுங்கள், தூரத்திலிருந்து வருகிற பிள்ளைகளை முதலில் மேடையேற்றுங்கள், பெண் பிள்ளைகளுக்கு முதல்நாள் இரவு தங்க ஓர் அறை ஒழுங்கு செய்யுங்கள். ஆனாலும் முதல் விருப்பம் நீங்கள் இங்கே வருவதுதான்.

எங்கள் இறுதிப் பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதற்குள் ஒரு திகதி சொன்னீர்களென்றால் என் சிநேகிதியும் வாசிப்பாள். அந்தத் தாளை இன்னும் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஆங்கிலம் சிறப்புக்கலை இறுதி வருட மாணவி,
யாழ்ப்பாணம்