மரக்கன்றுக் குழியும் திருமணிமுத்தாறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5-ஆம் தேதி நம் மாவட்டப் பள்ளிகளில் மரக்கன்று நடப்பட்ட படங்கள், தங்கள் நாளிதழின் சேலம் பக்கத்தில் வரிசையாக வெளிவந்திருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு அந்தப் படங்களைப் பார்த்ததும் ஒரு குழி நினைவுக்கு வந்தது. நான் கடைசியாகப் பணிபுரிந்த பள்ளியில், கொடிக்கம்பத்துக்குப் பின்புறம் இருந்த அந்த ஒரே குழியில் ஐந்து ஆண்டுகளில் ஐந்து கன்றுகளை நட்டோம். முதல் ஆண்டு வேம்பு, அடுத்த ஆண்டு புங்கன், அதற்குப் பிறகு என்ன கன்று என்று யாரும் கேட்கவில்லை. குழி தோண்டும் வேலை மிச்சம் என்று காவலாளி மட்டும் சிரித்துக்கொள்வார். சேலத்தில் மழை வலுப்பது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான். ஜூன் வெயிலில் நட்டுவிட்டு, விடுமுறை நாளில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்காமல் விட்டால் கன்று கருகாமல் என்ன செய்யும்?

சுற்றுச்சூழல் கல்விக்கு ஆணையோ பாடமோ இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், கல்வி நிலையங்களில் இது கட்டாயப் பாடமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே கூறிவிட்டது. 2001-இல் மத்திய அரசு தேசிய பசுமைப் படையைத் தொடங்கியது. அதன் வழியாகப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் ஏற்பட்டன. ஆகவே, உணவுச் சங்கிலியையும் ஓசோன் படலத்தையும் நம் பிள்ளைகள் தடங்கலின்றி ஒப்பிப்பார்கள். ஆனால், உன் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களுக்குப் புதிதாக ஒரு புத்தகம் வேண்டியதில்லை. பள்ளிக்கு மிக அருகிலுள்ள ஓர் ஏரியோ ஓடையோ அந்தப் பள்ளியின் பாடமாக ஆண்டு முழுவதும் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதை நான் ஒருமுறை செய்து பார்த்தேன். சேர்வராயன் மலைப் பகுதியில் மஞ்சவாடி அருகே உற்பத்தியாகி, சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாற்றில், மலையடிவாரத்திலும் சுகவனேசுவரர் கோயில் அருகிலும் உத்தமசோழபுரத்திலுமாக மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்துவர ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் சென்றேன். பிள்ளைகள் ஆற்றில் கை வைக்கக் கூடாது என்பதற்காக, கயிறு கட்டிய தகரக் குவளையால் நானே மொண்டு கொடுத்தேன். வகுப்புக்குத் திரும்பி மூன்று கண்ணாடிப் பாட்டில்களையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் வரிசையாக வைத்தோம். முதல் பாட்டிலின் வழியே தாளில் எழுதியிருந்ததைப் படிக்க முடிந்தது. இரண்டாவதில் எழுத்து மங்கிவிட்டது. மூன்றாவதில் தாள் இருப்பதே தெரியவில்லை. மூடியைத் திறந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அப்போது, அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒரு மாணவன், "இந்தக் கலர் எங்க தெரு சாக்கடையில ஓடுறதுதான் டீச்சர்" என்றான். அதன் பிறகு அந்த வகுப்பில் நடந்தது, நான் நடத்திய எந்தப் பாடத்தையும்விட நீண்ட விவாதம். பட்டறையை மூடிவிடலாம் என்று ஒருவன் சொல்ல, அப்புறம் எங்கள் வீட்டில் எப்படிச் சாப்பிடுவது என்று இவன் கேட்க, கழிவுநீரைச் சுத்திகரிக்க என்ன செலவாகும், அதை யார் ஏற்பது என்பது வரைக்கும் பேச்சு போயிற்று. பாடநூலில் இந்தக் கேள்விகள் இல்லை. முத்து விளைந்ததால் இந்த ஆற்றுக்கு அப்பெயர் வந்தது என்று தன் பாட்டி சொல்லக் கேட்டதாக ஒரு மாணவி சொன்னபோது யாரும் சிரிக்கவுமில்லை.

பெரியவர்கள் கற்றுக்கொண்டதற்கும் நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. மலையிலிருந்து வரும் மழைநீரைத் தாங்கும் கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-இல் தூர்வாரியபோது, அள்ளிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அவற்றில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அதற்குப் பணமும் உழைப்பும் தந்தவர்களில் பெரும்பாலோர் ஊர்மக்களே. அந்தக் கரையில் ஒரு பள்ளிப் பிள்ளை மாதம் ஒருமுறை நின்று, தண்ணீர் எந்தக் கல்படி வரை இருக்கிறது, என்னென்ன பறவை வந்திருக்கிறது, எந்த வாய்க்காலில் கழிவுநீர் கலக்கிறது என்று குறித்து வந்தால், மூன்று ஆண்டுகளில் அந்தக் குறிப்பேடு எந்த அலுவலகக் கோப்புக்கும் குறைந்ததாக இருக்காது.

மாறாக, நாம் சொல்வதும் செய்வதும் வேறாக இருப்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களில், உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் ஒன்று. மஞ்சப்பையைப் பற்றிய பேச்சுப் போட்டி ஒன்றில் நான் நடுவராக இருந்தேன்; நடுவர்களுக்கு அதே குவளையில்தான் தேநீர் வந்தது. பரிசு பெற்ற ஏழாம் வகுப்பு மாணவி, "இதுவும் லிஸ்ட்ல இருக்கு மிஸ்" என்று என் காதில் வந்து சொன்னாள். குடித்து முடித்திருந்தேன். வீட்டில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கட்டிக் கொடுக்கும் பிள்ளை, தெருமுனையில் இரண்டும் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவதைப் பார்த்தால், அடுத்த வாரம் எதற்குப் பிரிக்கப் போகிறது? குப்பையைப் பிரித்து வாங்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டுவிட்டது. வாங்குகிறவர்களும் அதைக் கடைப்பிடிக்கும் வரை பள்ளியில் அந்தப் பாடத்தை நடத்துவதற்கு எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது.

ஏற்காட்டின் நிலை வேறு. மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காட்டு மரங்களின் பெயரை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுடைய தாத்தா பாட்டிகளை மாதம் ஒரு வகுப்புக்கு அழைத்து, காபித் தோட்டங்களில் பழைய நிழல் மரங்கள் போய் சில்வர் ஓக் வந்த பிறகு எந்த ஊற்று வற்றியது, எது இன்னும் ஓடுகிறது என்று கேட்டுப் பதிவு செய்தால் போதும். பாடம் தேவைப்படுவது, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குச் சிப்ஸ் பாக்கெட்டை வீசும் கீழிருந்து செல்லும் நமக்குத்தான்.

மாணவர்களின் குறிப்பேடுகள் அலமாரியில் தூங்கிவிடாமல் இருக்க ஒரு வழி ஏற்கெனவே உள்ளது. ஊராட்சிகளில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் இப்போது கிராம சபை கூடுகிறது. அந்தக் கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில், அவ்வூர்ப் பள்ளியின் ஒரு மாணவரோ மாணவியோ ஓராண்டுக் குறிப்பை வாசிக்கட்டும். அதற்குத் தலைவர் அளிக்கும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதட்டும். நகரத்தில் இதை வார்டு அளவிலான கூட்டங்களில் செய்யலாம். கன்று நடுவதை மழைக்காலத்துக்குத் தள்ளிவைத்து, நட்ட வகுப்பே பள்ளியை விட்டுப் போகும் வரை அதைப் பார்த்துக்கொள்ளும்படி செய்வதற்குத் தனி ஆணைகூட வேண்டாம். தலைமையாசிரியர் மனம் வைத்தால் போதும்.

மூக்கனேரிக் கரையில் இத்தகைய குறிப்பேட்டைத் தொடங்க விரும்பும் பள்ளிக்கு, என்னிடமுள்ள மழைமானியையும் அந்த மூன்று கண்ணாடிப் பாட்டில்களையும் தர ஆயத்தமாக இருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் நானும் உடன் வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
கன்னங்குறிச்சி, சேலம்.