சுபாராவைக் காத்தது முரைர் கோட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்தாரின் சுபாரா குறித்துச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால், 'பழைய நகரைக் காத்து நின்ற கோட்டை' என்ற குறிப்போடு நீங்கள் வெளியிட்ட படம் 1938இல் கட்டப்பட்ட கோட்டையுடையது. அதற்கு முன்பே நகரம் ஆளற்றுப் போய்விட்டது. உண்மையில் காவல் இருந்த முரைர் கோட்டையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

18ஆம் நூற்றாண்டில் குவைத்திலிருந்து வந்த உத்தூப் குலத்தார் வளர்த்த ஊர் சுபாரா. முத்தும் கடல் வணிகமும் அதைச் செழிக்க வைத்தன. ஊரைச் சுற்றிப் பிறை வடிவில் சுமார் 2.5 கிலோமீட்டருக்கு மதிலும் காவல் கோபுரங்களும் எழுப்பினார்கள். இத்தனை இருந்தும் குடிதண்ணீர்க் கிணறுகள் பாலைவனத்துக்குள் ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருந்தன. எதிரி மதிலைத் தொடவே வேண்டாம். கிணறுகளை வளைத்தால் போதும், ஊர் பணிந்துவிடும். அதனால்தான் அங்கே முரைர் கோட்டை எழுந்தது. ஊர் மதிலிலிருந்து கோட்டையை நோக்கி இரண்டு சுவர்களையும் கட்டி, தண்ணீர் வரும் வழிக்கே அரண் அமைத்தார்கள். எத்தகைய முன்யோசனை!

1783இல் அந்த உத்தூப் குலத்தைச் சேர்ந்த அல் கலீஃபா குடும்பம் பஹ்ரைனைக் கைப்பற்றி அங்கே ஆட்சி அமைத்தது. 1811இல் மஸ்கட் படை சுபாராவைத் தாக்கித் தீக்கிரையாக்கியது. பின்னர் ஊர் சிறிய அளவில் மீண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடியோடு கைவிடப்பட்டது.

அகழாய்வில் வெளிப்பட்ட வீடுகளில் பேரீச்சம்பாகு வடிக்கும் அறைகளைக் காணலாம். சுதை பூசிய தரையில் வரிவரியாக வாய்க்கால்கள். மேலே அடுக்கிய பேரீச்சை மூட்டைகளின் பாரத்தில் பாகு கசிந்து, அவற்றின் வழியே ஓடிக் குழியில் புதைத்த சாடியில் சேரும். அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களின் தாகம் தீர்த்தவை முரைர்க் கிணறுகள்தாம்.

2013இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது முரைர் இடிபாடுகளையும் சேர்த்தே அறிவித்தது. உப்புக் காற்றில் உதிரும் கற்கள் அவை. விடுமுறை நாளில் குடும்பத்தோடு அங்கே செல்லும் நம்மவர்கள், படம் எடுப்பதற்காகத் தயவுசெய்து சுவர்களின் மேல் ஏற வேண்டாம்.

அடுத்த இதழில் முரைர் இடிபாடுகளின் படத்தைச் சரியான குறிப்போடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
தோஹா, கத்தார்